மச்சாளுக்குச் சுட்ட பூசணி ஸ்கோன்

படித்த பெண்களுக்கென்று ஒரு வியாதி இருக்கிறது. ஒரு பொருளின் மேல் பெயர் எழுதிவிட்டால் அது இனி நமக்குக் கட்டுப்பட்டு நடக்கும் என்று நம்புவது. எனக்கு அது முற்றிய நிலையில் இருந்தது.

மகன் பிறந்த பத்து மாதங்களில் எங்கள் குசினி முழுவதும் அவனுடைய பால்மாத் தகரப் பேணிகளாக நிறைந்துவிட்டது. உப்பு, சீனி, மிளகாய்த்தூள், அவித்த மா, அவிக்காத மா எல்லாமே ஒரே நிற, ஒரே உயரப் பேணிகளில். நான் ஒவ்வொரு மூடியிலும் அழகான கையெழுத்தில் பெயர் எழுதி வைத்தேன். (அழியாத மையில். கடையில் கேட்டு வாங்கினேன்.) எந்த மூடியும் எந்தப் பேணிக்கும் பொருந்தும் என்பது, நாலு வருடம் பல்கலைக்கழகத்தில் படித்த மூளைக்கு எட்டவில்லை.

அப்போதுதான் எனக்கு ஆசிரிய நியமனம் கிடைத்திருந்தது. வட்டுக்கோட்டைப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். திங்கட்கிழமை பொறுப்பேற்க வேண்டும். பாடம் மனைப்பொருளியல், அதாவது சமையலும் வீட்டு நிர்வாகமும். (சிரிப்பதென்றால் இப்போதே சிரித்துவிடுங்கள். பிறகு நேரம் இருக்காது.) உடுவிலில் கணவரின் அம்மாவான மாமி வீட்டில்தான் இருந்தோம். நான் வேலைக்குப் போவதென்றால் மாமி பிள்ளையைப் பார்க்கச் சம்மதிக்க வேண்டும். மாமி ஓம் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

"தேவி வரட்டும் பிள்ளை. கதைச்சுப் பாப்பம்" என்றார்.

தேவி, என் கணவரின் அக்கா. எனக்கு மச்சாள். இருபது வருடமாக லண்டனில் இருக்கிறார். வைத்தியர் சொன்னாலும் கேட்காத மாமி, மச்சாள் தொலைபேசியில் தும்மினால்கூட அதில் ஏதும் ஆலோசனை இருக்கிறதா என்று யோசிப்பார். அந்த மச்சாள் வியாழக்கிழமை வருகிறார். ஆக, திங்கட்கிழமைக்குள் அவரை என் பக்கம் சாய்த்தாக வேண்டும்.

வருவதற்கு முதல் வாரம் மச்சாள் தொலைபேசியில் பேசும்போது, "இஞ்சை இப்ப எங்கை பாத்தாலும் பூசணி ஸ்கோன்தான் வாணி. கறுவா, கராம்பெல்லாம் போட்டு... எனக்கு அதெண்டா உயிர்" என்றார்.

எங்கள் வளவில் மாமியின் பூசணிக்கொடி காய்த்துக் கிடந்தது. என் வாய் என்னைக் கேட்காமலே, "அதென்ன மச்சாள், வாங்கோ, நான் வீட்டிலை செய்து தாறன்" என்றது.

பக்கத்தில் பிள்ளையைத் தோளில் போட்டபடி நின்ற கணவர் கேட்டார்.

"ஸ்கோன் எண்டா என்ன?"

"ஒரு வகைப் பணிஸ். அவணிலை சுடுறது."

"உமக்குச் செய்யத் தெரியுமோ?"

"நான் மனைப்பொருளியல் ரீச்சர்."

"அது திங்கக்கிழமையிலை இருந்துதானே?"

நான் பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். ஆனால் அந்தக் கேள்வியோடு ஐந்து இரவு படுத்தேன்.

கலியாணத்துக்கு மச்சாள் வாங்கித் தந்த மின்சார அவணுக்குள் இடியப்பத் தட்டுகள் குடியிருந்தன. அவற்றை வெளியேற்றினேன். ஒரு வெள்ளைக்காரப் பெண் ஸ்கோன் செய்யும் வீடியோவைப் பதினான்கு முறை பார்த்தேன். அவள் ஒவ்வொரு முறையும் இது மிகச் சுலபம் என்றே சொன்னாள். எனக்கு ஒவ்வொரு முறையும் ஒரு புதுப் பயம் பிடித்தது. கறுவா, கராம்பு, சாதிக்காய், வேர்க்கொம்பு எல்லாவற்றையும் பதமாகத் திரித்து ஒரு பேணியில் அடைத்து, மூடியில் 'ஸ்கோன் தூள்' என்று எழுதினேன்.

புதன்கிழமை குசினியில் எறும்பு. மாமி நல்ல எண்ணத்தில் எல்லாப் பேணிகளையும் துடைத்து, மூடிகளைக் கழுவி வெயிலில் காயவைத்து, திரும்பவும் பூட்டி வைத்தார். பேணிகளும் பளபளத்தன, என் எழுத்துகளும் பளபளத்தன. "வடிவாக் கழுவினனான், உன்ரை எழுத்து ஒண்டும் போகேல்லை" என்று மாமி பெருமையாகச் சொன்னார். நானும் நன்றி சொன்னேன்.

வியாழன் காலை மச்சாள் வந்து இறங்கினார். பயணக் களையில் படுத்துவிட்டார். நாலு மணித் தேநீருக்கு முன் முடிக்க வேண்டும். பிள்ளைக்குத் தடிமன், அவனிடமிருந்து எனக்கும் தடிமன். மூக்கு இரண்டும் அடைத்து, மணம் என்ற ஒன்று உலகத்தில் இருந்ததே மறந்துபோயிருந்தது.

பூசணியை அவித்து மசித்தேன். தண்ணீரை வடிக்க வேண்டும் என்று வீடியோக்காரி சொன்ன இடத்தில்தான் பதினான்கு முறையும் பிள்ளை அழுதிருக்கிறான் போலும். மாவோடு சேர்த்ததும் அது கஞ்சியாக ஓடியது. இன்னும் மா போட்டேன். இன்னும் ஓடியது. பேணி வெறுமையாகிவிட, 'கோதுமை மா' என்று மூடி சொன்ன அடுத்த பேணியைத் திறந்து கொட்டினேன். அதற்குப் பிறகு அது ஓடவில்லை. உதிர்ந்தது. பிடித்தால் பிடிபடாமல், விட்டால் புட்டுப் போலச் சிதறியது. (புட்டுப் போல இருந்ததில் வியப்பில்லை. அது புட்டுக்கு மாமி அவித்து அரித்து வைத்திருந்த மா.) கடைசியில் 'ஸ்கோன் தூள்' மூன்று கரண்டி, மச்சாள் மேலுள்ள மரியாதைக்காக இன்னுமொரு கரண்டி. உருண்டைகளாக அமத்திப் பிடித்து, கடவுளிடம் ஒப்படைத்து, அவணுக்குள் தள்ளினேன்.

நாலு மணிக்குப் பன்னிரண்டு ஸ்கோன்கள் மேசைக்கு வந்தன. நிறம் செங்கட்டி. ஒன்றைத் தட்டில் வைத்தபோது தட்டு சத்தம் போட்டது.

மச்சாள் ஒன்றை எடுத்தார். பெரிய மனதோடு கடித்தார். மென்றார். மெல்வதை நிறுத்தினார். கண்கள் மெதுவாக மாமியின் பக்கம் போயின.

"அம்மா, இதைக் கொஞ்சம் வாயிலை வைச்சுப் பாருங்கோ."

மாமி ஒரு துண்டை உடைத்து (மேசை விளிம்பில் வைத்துத்தான் உடைந்தது) நாக்கில் வைத்தார்.

"இது பத்தியச் சரக்கெல்லோ!"

பிள்ளை பெற்ற தாய்க்கு மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள் எல்லாம் வறுத்து இடித்துக் கறிக்குப் போடும் தூள்தான் சரக்கு. என் பிள்ளைப்பேற்றின்போது அம்மா கொழும்புத்துறையிலிருந்து இடித்து அனுப்பியதில் மிச்சம் ஒரு பால்மாப் பேணியில் இருந்தது. இப்போது அது சீனியோடும் பூசணியோடும் கலந்து பன்னிரண்டு உருண்டைகளாக மேசையில் இருந்தது.

"இல்லை மாமி, அது கறுவா..." என்று சொல்லிக்கொண்டே நிரூபிப்பதற்காக ஒன்றை எடுத்துக் கடித்தேன். மணம் தெரியாவிட்டாலும் நாக்கு வேலை செய்தது. இனிப்பு மிளகு ரசம் கட்டியாகித் தொண்டையில் இறங்கினால் எப்படி இருக்கும்? நான் எழும்பி ஓடி, கிணற்றடி வாழைக்குப் பக்கத்தில் குனிந்து வாந்தி எடுத்தேன்.

முகம் கழுவித் திரும்பி வந்தபோது மாமியும் மச்சாளும் கண்ணாலேயே ஏதோ பேசி முடித்திருந்தார்கள். மாமியின் முகம் பூத்திருந்தது.

"எத்தினை நாள்?" என்றார் மாமி.

"என்ன மாமி?"

"ஒளிக்காதை பிள்ளை. சரக்குக்கு ஆசைப்பட்டுப் பணிசுக்குள்ளை போட்டிருக்கிறாய். சத்தியும் எடுக்கிறாய். நான் மூண்டு பெத்தவள்."

"ஐயோ மாமி, மூடி மாறிப் போச்சு!"

"மூடி மாறினா ஏன் சத்தி வருது?" என்றார் மச்சாள். லண்டனில் சட்டத்தரணியின் அலுவலகத்தில் வேலை செய்கிறவர். நான் குறுக்கு விசாரணைக்குப் பழக்கமில்லாதவள். கணவரைப் பார்த்தேன். அவர் ஸ்கோனை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மற்றக் கை விரல்களில் ஏதோ கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிமிடத்தில் அவரை மன்னிக்க முடியவில்லை. இன்றைக்கும் முழுவதாக இல்லை.

மாமி என் தலையைத் தடவினார். "உந்த நிலையிலை வட்டுக்கோட்டைக்கு ஸ்கூட்டி ஓடுறதோ? வேலையும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். கடிதத்தைப் பத்திரமா வை, பிறகு பாப்பம்."

நாலு வருடப் படிப்பு, மூன்று வருடக் காத்திருப்பு எல்லாம் ஒரு மூடியில் போய்விட்டது. அறைக்குள் போய்ப் பிள்ளையைக் கட்டிப்பிடித்து அழுதேன். பெரிய கொடுமை அதுவல்ல. இரவு முழுக்க நானே சந்தேகப்படத் தொடங்கினேன். மூன்று பேர் உறுதியாக நம்பினால் சரியாக இருக்குமோ? எனக்குத்தான் தெரியவில்லையோ? வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். அது அவித்த மாவினால் கனத்திருந்தது.

வெள்ளி காலை கணவர் யாழ்ப்பாணம் போய், தெரிந்தவர்கள் இல்லாத மருந்துக்கடையாக மூன்று கடை ஏறி இறங்கி, பரிசோதனைக் குச்சி வாங்கி வந்தார். ஒரு கோடு. ஒன்றுமில்லை. மேசையில் கொண்டுபோய் வைத்தேன். பிறகு குசினிக்குப் போய் எல்லாப் பேணிகளையும் தூக்கி வந்து அதன் பக்கத்தில் வரிசையாகத் திறந்து காட்டினேன். 'அவித்த மா' என்ற மூடிக்குள் கோதுமை மா. 'சரக்கு' என்ற மூடிக்குள் என் கறுவாவும் கராம்பும், அப்படியே, ஒரு கரண்டியும் குறையாமல்.

மச்சாள் பேணிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நேற்றைய ஸ்கோன்களைப் பார்த்தார். அவை ஒரு இரவில் இன்னும் இறுகியிருந்தன.

"அம்மா, நான் சொல்லுறன், இவளைத் திங்கக்கிழமை வேலைக்கு அனுப்புங்கோ."

"ஏன் பிள்ளை?"

"வீட்டிலை நிண்டு இவள் சமைச்சா எங்கள் எல்லாருக்கும் பத்தியம்தான். அங்கை போய்ப் படிப்பிக்கட்டும். பள்ளிக்கூடத்திலை புத்தகம் இருக்கும்தானே?"

மாமி ஒரு ஸ்கோனை எடுத்து மேசையில் தட்டினார். தட்டைப் பார்த்தார். "அதுவும் சரிதான்" என்றார்.

இப்படியாக, சமைக்கத் தெரியாது என்று நிரூபித்து மனைப்பொருளியல் ஆசிரியையாக வேலைக்குப் போக அனுமதி பெற்றவள் இந்தத் தீவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நன்றி சொல்வதா, கிணற்றில் குதிப்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்யாமல் பேணிகளைக் கழுவினேன்.

ஆனால் மாமி அன்று விடியற்காலையிலேயே கோயிலுக்குப் போய், எனக்கு இரண்டாவது பிள்ளை தங்கியிருக்கிறது என்று அங்கே கண்டவர்களிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். "ஒருத்தரிட்டையும் சொல்லாதேங்கோ எண்டு சொல்லித்தான் சொன்னனான்" என்று பிறகு ஒப்புக்கொண்டார். கதை எனக்கு முதலே பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. திங்கட்கிழமை அதிபர் என்னைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு, "ரீச்சருக்கு மேல்மாடி வேண்டாம், கீழ் வகுப்புத் தாறன்" என்றார். மறுத்துச் சொன்னேன். வெட்கப்படுகிறேன் என்று நினைத்துவிட்டார். கழிவறைக்குப் பக்கத்து வகுப்பில் ஒரு வருடம் படிப்பித்தேன். ஒன்பது மாதம் கழிந்தபோது சக ஆசிரியைகள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெம்பில்லை.

எங்கள் குடும்பத்தில் இப்போது எந்தப் பெண் தலைசுற்றுகிறது என்றாலும், "ஸ்கோன் சாப்பிட்டனியோ?" என்றுதான் கேட்பார்கள். மச்சாள் லண்டனிலிருந்து வீடியோ அழைப்பில் கேட்பார். ஸ்கோன் என்றால் என்னவென்று தெரியாத பெரியமாமாகூடக் கேட்பார்.

போன மாதம் எனக்கு உண்மையாகவே இரண்டாவது தங்கியது. இந்த முறை வைத்தியசாலையில் எடுத்த அறிக்கையோடு மாமியிடம் போனேன். விரித்து நீட்டினேன்.

மாமி அதை வாங்கவில்லை. கண்ணாடியையும் தேடவில்லை. சுளகில் அரிசி புடைப்பதை நிறுத்தாமல் கேட்டார்:

"இந்தமுறை என்னத்தைச் சுட்டனி?"