அட்டையோடு ஒரு படம்

சிறுசேரி அலுவலகங்கள் அத்தனையிலும் தேடினாலும், எங்கள் அட்டைக்காரரைப் போல் கேமராவைக் கரைத்துக் குடித்தவர் கிடைக்கமாட்டார். அவ்வளவு மோசமாகப் படம் எடுப்பவரும் கிடைக்கமாட்டார்.

அவர் பையில் எப்போதும் ஒரு சாம்பல் நிற அட்டை இருக்கும். யாரை எடுத்தாலும் முதலில் அதை முகத்தருகே பிடிக்கச் சொல்லி ஒரு டெஸ்ட் ஷாட். “அப்பதாம்மா கலரு உள்ளது உள்ளபடி வரும்” என்பார். பிறகு அட்டையை வாங்கிக்கொண்டு, “ரெடி, ஆடாதீங்க!” நாங்கள் விறைத்துவிடுவோம். மாமல்லபுரத்தில் அவர் எடுத்த குரூப் போட்டோவில் எங்களைவிடப் பின்னாலிருந்த கல் யானைக்கு உயிர் அதிகம்.

டிசைன் பிரிவு கிஷோர் இதற்கு நேர்மாறு. சும்மா செல்போனை நீட்டினாலே அள்ளும். வரன் பார்க்கப் படம் வேண்டுமென்று அம்மா சொன்னதும் அவனிடம்தான் போனேன். கோவளம் கடற்கரை, மாலை வெயில், பறக்கும் துப்பட்டா. என் கறுப்பை மட்டும் கோதுமை நிறமாக்கியிருந்தான். அவனுக்கு அழகைக் கண்டுபிடிக்கத் தெரியும். என்னிடம் கிடைக்காததால் செய்துகொண்டான் போல.

பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா, காபித் தட்டோடு நின்ற என்னிடமே, “பொண்ண வரச் சொல்லும்மா” என்றார். அன்று முழுக்க அழுதேன்.

மறுநாள் அட்டைக்காரரிடம், “கொஞ்சம் வெளுப்பா எடுங்கண்ணா” என்றேன்.

“இன்னாத்துக்கு? கீற கலரு நல்லாத்தான கீது? அத ஏன் மாத்தணும்?” அட்டையை நீட்டினார். பிடித்தேன். “ஐய, தலைகீழா புடிச்சிகினு கீறியே!”

இரண்டு பக்கமும் ஒன்றுமே இல்லாத அட்டை அது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கிளிக்.

அதன்பின் எடுத்ததெல்லாம் ஆதார் அட்டை ரகம். அம்மா ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்து டெஸ்ட் ஷாட்டில் நின்றார். “போலீசு புடிச்சாப்ல அட்டைய வெச்சிகினு கீற. ஆனா இதுலதான்டி நீ கீற.”

அதையே அனுப்பினோம். “ஐயோ, அது போட்டோவே இல்லம்மா, டெஸ்ட்டு!” என்று அட்டைக்காரர் பதறினார்.

அதைப் பார்த்து வந்தவர் வாசலிலேயே என்னை அடையாளம் கண்டு, “அட்டை எங்கங்க?” என்றார். அவர்தான் என் கணவர்.

படம் இப்போது எங்கள் கூடத்தில் தொங்குகிறது. அட்டைக்காரர் வரும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொள்கிறார். “இத கயட்டும்மா, நல்லதா ஒண்ணு எடுத்துத் தரேன்.” அவர் கலைஞர் இல்லை என்று இன்றும் சொல்வேன். ஆனால் என் முகத்தில் திருத்த ஒன்றுமில்லை என்று முதலில் சொன்னவர் அவர்.

அடுத்த மாதம் மகளுக்குப் பெயர் வைக்கிறோம். என் நிறம்தான் அவளுக்கும். படமெடுக்க அவரைத்தான் கூப்பிட்டிருக்கிறேன், அட்டையை மறக்காமல் கொண்டுவரச் சொல்லி.