கால் மணி நேர ஆளுநர்

மேலவையில் அன்று இருந்தவர்கள்: உறுப்பினர்கள் நாற்பது பேர், எழுத்தர் இமோஜீன், ஜெபம் முடிந்தும் காய்ந்த டோனட்டுக்காகத் தங்கிவிட்ட பாதிரியார். இல்லாதவர்: தலைமை நாற்காலியில் இருந்திருக்க வேண்டிய துணை ஆளுநர் லொரெட்டா.

நாற்காலியில் ஆர்வில் டெஷ் உட்கார்ந்திருந்தார். தலைவர் இல்லாத நேரத்தில் அவையை நடத்த உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்த மாற்றுத் தலைவர். பதினோரு ஆண்டுகளாக அந்த நாற்காலிக்கு ஆசைப்பட்டவர்தான். இன்று மட்டும் வேண்டாம் என்றிருந்தது.

காரணம், அவர் ஊர் ஆஸ்பத்திரி. மானிய மசோதா நிறைவேறாவிட்டால் வெள்ளிக்கிழமை மூடிவிடுவார்கள். அடுத்த ஆஸ்பத்திரி தொண்ணூறு மைல். கீழவை நேற்றே நிறைவேற்றிவிட்டது. மேலவையில் ஆதரவு இருபது, எதிர்ப்பு இருபது. சமமாக வந்தால் மட்டும் லொரெட்டாவுக்கு ஓர் ஓட்டு உண்டு. அதை ஆஸ்பத்திரிக்குப் போடுவதாக வாக்குக் கொடுத்திருந்தார். கூட்டத்தொடர் மூன்று மணிக்கு முடிகிறது.

நண்பகலில் பாலத்துக் காவலரிடமிருந்து செய்தி வந்தது. ஆளுநரின் கார், கொடியோடு, ஆற்றைத் தாண்டி அடுத்த மாநிலத்துக்குள் போய்விட்டது. ஆளுநர் எல்லையைத் தாண்டினால் அந்த நொடியே துணை ஆளுநர்தான் ஆளுநர். குதிரைக் காலத்தில் எழுதிய சட்டம். குதிரை போய்விட்டது, சட்டம் போகவில்லை.

டெஷ் போன் செய்தார்.

"லொரெட்டாம்மா, கொஞ்சம் கீழ வாங்க. ஒரே ஒரு ஓட்டு."

"நான் இப்ப கவர்னர், டெஷ். நான் வந்து ஓட்டுப் போட்டா எதிர்த்தரப்பு விக்கரி நேரா கோர்ட்டுக்குப் போயிருவான். அதுவுமில்லாம, இங்க நாற்காலி சுத்துதுய்யா!"

"ஆத்தைத் தாண்டுன கவர்னரு போனே எடுக்க மாட்டேங்குறாரு!"

"எனக்கும்தான் எடுக்கல. நான் கவலைப்பட்டேனா?"

அதற்குள் டெஷ் பக்க உறுப்பினர் ஒருவர் கிளம்புவதற்குக் கோட்டு மாட்டினார். மகளுக்குப் பந்தாட்டமாம். இருபது பத்தொன்பதாகிவிடும். டெஷ் சுத்தியலால் தட்டினார்.

"கதவைப் பூட்டுங்க! ஓட்டு முடியுற வரைக்கும் யாரும் வெளிய போகக்கூடாது, உள்ள வரக்கூடாது."

பிறகு நேரத்தைக் கடத்த, நூற்றுப் பன்னிரண்டு பக்க மசோதாவை இமோஜீனிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னார்.

"இன்னும் மெதுவா வாசிம்மா."

"இதுக்கு மேல மெதுவான்னா தூங்கிருவேன் ஐயா."

டெஷ் மறுபடி போனை எடுத்தார். "லொரெட்டாம்மா, நீங்களே பாலத்துக்குப் போய் நில்லுங்க. அவரு சக்கரம் இந்தப் பக்கம் பட்டதும் நீங்க பழையபடி துணை. ஓடி வந்துருங்க. கதவை நான் திறந்து விடுறேன்."

"சைரன் போடலாமா?"

"கவர்னருக்கு இல்லாத சைரனா? ஆனா பாலத்துல மட்டும் ஏறிடாதீங்க!"

அரை மணி கழித்து லொரெட்டாவே கூப்பிட்டார்.

"டெஷ்... ஏறிட்டேன்."

"திரும்புங்க!"

"எங்கய்யா திரும்பறது? பின்னாடி சோளம் ஏத்துன லாரி முட்டிக்கிட்டு நிக்குது. இதோ, அந்தப் பக்கமே வந்துட்டேன். இங்க ஒரே நெரிசல்."

இமோஜீன் வாசிப்பதை நிறுத்திவிட்டு வேறொரு புத்தகத்தைப் புரட்டினார்.

"ரெண்டு பேருமே எல்லைக்கு வெளிய. அடுத்த இடம் மாற்றுத் தலைவருக்கு. வாழ்த்துகள், கவர்னர் ஐயா."

அவை எழுந்து கைதட்டியது. எதிர்த்தரப்புத் தலைவர் விக்கரிதான் பலமாகத் தட்டினார்.

"கவர்னருக்கு இந்த அவையில என்ன வேலை? மரியாதையா வெளிய கொண்டு விடுங்க."

"யோவ் விக்கரி, ஆஸ்பத்திரிய்யா! உன் மாமியாரே அங்கதான்யா படுத்திருக்கா!"

"அதையும் யோசிச்சுத்தான் சொல்றேன்."

டெஷ் கட்டளைப்படியே பூட்டிய கதவு அவரை அனுப்புவதற்கு மட்டும் திறந்தது. உள்ளே இமோஜீன் பெயர்களைக் கூப்பிடத் தொடங்கினார். இனி பத்தொன்பதுக்கு இருபது.

வெளியே தாழ்வாரக் காவலர் ஹோபர்ட் சல்யூட் அடித்துவிட்டுக் கதவை இழுத்து மூடினார்.

"ஹோபர்ட்," என்றார் டெஷ், "நம்ம கவர்னர் அந்தப் பக்கத்துலேருந்து எப்ப வந்தாலும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லு."

சாவியைத் திருப்பிக்கொண்டே ஹோபர்ட் சொன்னார்: "அவரு எங்கீங்க போனாரு? காலையிலேருந்து கீழ நம்ம சலூன் நாற்காலியிலதான் குறட்டை விட்டுட்டு இருக்காரு. கார் மட்டுந்தான் போச்சு, ஆத்துக்கு அந்தப் பக்கம் பெட்ரோல் மலிவு."