ஞாயிற்றுக்கிழமை வால்வு

ஓசூரில் பழைய வால்வுக்காரர் என்று ஓர் இனம் உண்டு. அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கம்பெனிப் பேருந்தில் ஏறி, ஜன்னலோரம் தூங்கி வழிந்து, எல்லோரையும் போல வேலைக்குப் போய் வருகிறவர்தான். வீட்டுக்கு வந்து ஆம்ப்ளிஃபயரைப் போட்டு, அதன் தலையில் நிற்கிற கண்ணாடி வால்வுகள் மெல்ல மஞ்சளாக எரியத் தொடங்கியதும் ஆளே மாறிவிடுவார்.

அந்தக் காலத்து ரேடியோவுக்குள் எரியுமே, அதே வால்வுதான். அப்போது சீமையில் செய்தது இவருக்குத் தெய்வம். அதே பெயரை அச்சடித்து, அதே மாதிரி அட்டைப்பெட்டியில் போட்டு இன்றைக்குச் செய்து விற்கிற புது வால்வு, வேஷம் கட்டின ஆள். பழையதை வெறும் விரலால் தொடமாட்டார். மேலே இருக்கும் எழுத்து அழிந்துவிடுமாம். கைக்குட்டையால் அடிப்பாகத்தைப் பிடித்து, பச்சைக் குழந்தையைத் தொட்டிலில் போடுவது போல மெதுவாகச் செருகுவார். அதுவும் ஞாயிற்றுக்கிழமை மட்டும். அதன் ஆயுசு வீணாகக் கூடாதே! மற்ற நாட்களுக்குப் புதியது போதும்.

பாட்டு ஓடும். கண்ணை மூடுவார். வலது கையை உயர்த்துவார். வீட்டில் யாரும் தும்மக்கூடாது. "குரல்ல ஈரம் இருக்குது பாருங்க" என்பார். புது வால்வு என்றால் உதட்டைப் பிதுக்கி, "வறண்டு கெடக்குது. இன்னும் பழகணும்" என்பார். குரலில் ஈரம் எப்படி இருக்கும் என்று கேட்டுவிடாதீர்கள். உங்கள் காது பழகவில்லை என்று பதில் வரும்.

இவ்வளவு விவரம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்த ஆள் நான்தான்.

சிப்காட்டில் ஒரு கம்பெனியில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. மைக்ரோமீட்டர் வைத்து அளக்காமல் ஒரு நட்டைக்கூட வெளியே விடமாட்டேன். இரண்டு சாமான்களை ஒப்பிட்டால் ஒரே சூட்டில், ஒரே கருவியில், ஒரே மேஜையில் ஒப்பிட வேண்டும் என்று புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பெடுப்பவனும் நான்தான். அந்த அறிவையெல்லாம் கேட்டிலேயே செக்யூரிட்டியிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வருவேன் போலிருக்கிறது.

என் காதுக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. அதை நம்பித்தான் ஒரு புதன்கிழமை சாயங்காலம் மாதேஷ் வந்தான். என்னோடு வேலை செய்கிறவன். வருஷம் முழுக்க ஒவ்வொரு கம்பியாகத் தானே பற்றவைத்துச் செய்த ஆம்ப்ளிஃபயரை, பைக்கில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வந்திருந்தான். ஓட்டியவர் எங்கள் நண்பர் திம்மப்பன். போட்டிருந்தது புது வால்வு. நான் கண்ணை மூடினேன், கையை உயர்த்தினேன், தீர்ப்புச் சொன்னேன்.

"செத்த சத்தம், மாதேசு."

அவன் முகம் சுண்டிப்போனது. "இதுக்கு மேல என்னால முடியாதுண்ணா. ஞாயித்துக்கெழம இங்கயே வச்சுப் பிரிச்சுடலாம். வேணுங்கிற பாகத்த திம்மப்பண்ணன் எடுத்துக்கட்டும்" என்று பெட்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போனான்.

அவர்கள் போனதும் சமையலறையில் என் மனைவி ஜோதிமணி மிக்ஸியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். "கெழம நாள்ல இந்தச் சனியன் மொனகுது. கம்பெனி மிஷினெல்லாம் கரண்ட்ட உறிஞ்சுக்குது. ஞாயித்துக்கெழமயானா மட்டும் என்னமா சுத்துது!"

அலமாரியைத் திறந்தேன். வோல்ட் மீட்டரை எடுத்துப் பிளக் பாயிண்டில் வைத்தேன். முள் இருநூறு வோல்ட்டைத் தொடவே மூச்சு வாங்கியது. ஞாயிறு காலையில் வைத்தால் இருநூற்று நாற்பது! பழைய வால்வைக் கேட்டதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை. புதியதைப் பழித்ததெல்லாம் கிழமை நாள். இத்தனை வருஷமாக நான் காதில் கேட்டுத் தரம் பிரித்தது மின்வாரியத்தை.

அந்த ஞாயிறு மாதேஷும் திம்மப்பனும் வந்தார்கள். திம்மப்பன் கையில் ஸ்க்ரூடிரைவர். "கடைசியா ஒரு தடவ கேட்டுடலாம்" என்றேன். அதே புது வால்வுதான். பாட்டு கூடமெல்லாம் நிறைந்து வழிந்தது. "சென்னாகிதே!" என்று கன்னடத்தில் கூவினார் திம்மப்பன். மாதேஷுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அண்ணா, செத்துப்போச்சுன்னீங்களே?"

உண்மை தொண்டை வரை வந்தது. இத்தனை நாள் சேர்த்த பெயர் அதைப் பிடித்து உள்ளே இழுத்தது. "இப்பத்தான் பழகிருக்குது" என்றேன்.

சட்னிக் கிண்ணத்தோடு வந்த ஜோதிமணி, "ஆமாமா, எங்க மிக்ஸிகூட ஞாயித்துக்கெழமயானா பழகிடுது" என்றாள். இருவரும் சிரித்தார்கள். நான் இட்லியைப் பார்த்தேன்.

புதன்கிழமை மாதேஷ் மறுபடி வாசலில் நின்றான். "வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா மறுபடியும் செத்துடுச்சுண்ணா. எனக்குக் கைராசி இல்ல. பிரிச்சுத் தூக்கிப் போட்டுடறேன்." அவன் குரல் உடைந்திருந்தது. அதைக் கேட்க எந்த வால்வும் தேவைப்படவில்லை. வெட்கமாக இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன்: மிக்ஸி, மீட்டர், இருநூறு, இருநூற்று நாற்பது.

அவன் திட்டவில்லை. வெகுநேரம் சிரித்தான். பிறகு பயபக்தியோடு கேட்டான்: "அப்ப ஸ்டெபிலைசர் வாங்கணும். புதுசு வாங்கட்டுமா, இல்ல அந்தக் காலத்துச் செம்புக்கம்பி சுத்தினதா பாத்துத் தேடட்டுமாண்ணா?"

நான் கண்ணை மூடினேன். வலது கை தானாக உயர்ந்தது.

சிரியுங்கள். வால்வையே கண்ணால் பார்க்காதவர் நீங்கள், உங்களுக்கென்ன? ஆனால் செல்போனில் படித்தால் மனதில் ஒட்டுவதில்லை, காகிதத்தில் படிக்கிற சுகமே தனி என்று சமீபத்தில் யாரிடமாவது சொன்னீர்களா? அந்தக் காகிதத்தை ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்துகொண்டும், செல்போனைக் கம்பெனிப் பேருந்தில் நின்றுகொண்டும் படித்தீர்களா? அப்படியானால் உள்ளே வாருங்கள். வரும்போது ஒரு கைக்குட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.