இருட்டு அண்ணனும் பச்சை வெளிச்சமும்

அன்று ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்கள் நான், கூடப் படித்த குணா, எங்களுக்கு மூத்த ஆய்வு மாணவரான இருட்டு அண்ணன். பேராசிரியர் இல்லை, மாநாட்டுக்குப் போயிருந்தார். மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே மின்விளக்கோடு சொந்தப் பகை வைத்திருந்த ஒரே மனிதர் இருட்டு அண்ணன்தான்.

பகைக்குக் காரணம் இருந்தது. உயிருள்ள செல்லுக்குள் ஆக்சிஜன் சில சமயம் முரட்டு வடிவம் எடுத்து, அகப்பட்டதையெல்லாம் கடித்துவைக்கும். கண்ணுக்குத் தெரியாது. நாங்கள் ஊற்றும் சாயம் அதைச் சந்தித்தால் நுண்ணோக்கியில் பச்சையாக ஒளிரும். ஆனால் சும்மா வெளிச்சம் பட்டாலே அந்தச் சாயம் கெட்டு, பொய்ப் பச்சை காட்டும். ஆகவே அண்ணன் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்தார். ஐஸ்பெட்டியின் பல்பைக் கழற்றினார். குணாவின் ஒளிரும் கைக்கடிகாரத்தைப் பறிமுதல் செய்தார். சலவைத்தூள் மினுங்குகிறது என்று என் வெள்ளைச் சட்டையையும் கழற்றச் சொன்னார்.

"உள்ள பனியனும் வெள்ளதாண்ணே."

"அப்ப வெளிய நின்னு படி லா."

மறுநாள் காலைக்குள் உதவித்தொகைக் குழுவிடம் படங்களைக் கொடுக்காவிட்டால் என் பணம் நின்றுவிடும். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். என்னிடம் மிச்சமிருந்த சாயம் ஒரே ஒரு சோதனைக்குத்தான் வரும்.

பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு முடித்து வந்தோம். என்னை நம்பாமல், செல்களின் மேல் மூடுகண்ணாடியை அண்ணனே வைத்தார். கையுறை போடமாட்டார், இருட்டில் விரல்தான் கண் என்பது அவர் கொள்கை.

பார்த்தால், ஒப்பிடுவதற்காக வைத்த, ஒளிரவே கூடாத செல்களும் பச்சை.

"லைட்ட யாரு போட்டா?" என்று அண்ணன் உறுமினார்.

"யாரும் போடல பாஸ்," என்றான் குணா.

அண்ணன் நுண்ணோக்கியை மெல்லத் திருகினார். பச்சை கோடு கோடாக வளைந்து கிடந்தது. எந்தச் செல்லும் அப்படி வளராது. விரல் ரேகை. தன் கட்டைவிரலை முகர்ந்தார். மீன் குழம்பு. குழம்பிலிருக்கும் மஞ்சளும் நுண்ணோக்கியின் நீல ஒளியில் பச்சையாகத்தான் மின்னும். அது செல்களுக்குள்ளும் இறங்கிவிட்டது, துடைத்துப் பயனில்லை.

"ஊரு வெளிச்சத்த எல்லாம் அடச்சிட்டு, வெரல மறந்துட்டீங்களே," என்றான் குணா.

அண்ணன் கைகழுவும் தொட்டிக்குப் போனார். சோப்புப் போட்டுத் தோல் சிவக்கத் தேய்த்தார். பிறகு வாழ்நாளில் முதல் முறையாகக் கையுறை மாட்டிக்கொண்டு, தன் பெட்டியிலிருந்து அலுமினியத் தாள் சுற்றிய குப்பியை எடுத்தார். அவருடைய கடைசிச் சோதனைக்கான சாயம். அடுத்தது வெளிநாட்டிலிருந்து வர மாதக்கணக்காகும், அதற்குள் அவர் ஆய்வேடு கொடுக்கும் தவணை தாண்டிவிடும்.

"வேணாண்ணே."

"வாய மூடிட்டு அடுத்த செல்லுத் தட்ட எடு. நேரமாவுது."

இம்முறை இருண்டிருக்க வேண்டியவை இருண்டிருந்தன. ஒளிர வேண்டியவை ஒளிர்ந்தன. படங்கள் காலையில் போய்ச் சேர்ந்தன. உதவித்தொகை நிலைத்தது.

ஆன மொத்தச் செலவு: ஒரு சோப்புக்கட்டி, ஒரு குப்பிச் சாயம், அண்ணனின் பட்டத்தில் ஒரு வருடம். சோப்புக்கட்டிக்கு மட்டும் என்னிடம் காசு கேட்டு வாங்கிக்கொண்டார்.