குடைக்குள் காலியிடம் பிடித்தவர்

சிராங்கூன் ரோட்டில் பதினோரு கடைவீடு கட்டினவன் நான். ஓடைக்கரைச் சேற்றில், இன்று நட்ட கம்பு நாளைக்குக் காணாமல் போகும் இடத்தில், மாட்டுக்கொட்டகை போட்டேன். மாடுகள் போய்விட்டன, கொட்டகை நிற்கிறது. ஜாலான் புசாரில் ஒரு இரும்புக்கடைக்கு நான்கு தடவை கூரை போட்டேன். ஒழுகியதால்தான் நான்கு தடவை என்று சொல்பவன் யாராவது இருந்தால் என்னிடம் அனுப்புங்கள். படித்தது இரண்டாம் வகுப்பு. கப்பலை விட்டு இறங்கியபோது கையில் ஒரு ரசமட்டப் பலகையும் வாயில் நிறைய பேச்சும் இருந்தன. இரண்டும் இன்னும் இருக்கின்றன.

இதெல்லாம் தரையில் கட்டியது. வானத்திலும் ஒரு மனை பிடித்துக் கட்டினோம். அதைச் சொல்ல இத்தனை வருஷமாக யாரும் என்னைக் கேட்கவில்லை, ஆகவே கேட்காமலே சொல்கிறேன். அந்த மனையைக் கண்டுபிடித்தவர் குடைக்கார பாய். சிங்கப்பூரில் காற்றைத் தடவிப் பார்த்து, எங்கே ஆள் குடியிருக்கிறான், எங்கே காலி என்று சொல்லத் தெரிந்த மனிதர் அவர் ஒருவர்தான். பெரிய படிப்புப் படித்த துரைமாருக்கே அது தெரியாது. நான் பார்த்தேன், அதனால் சொல்கிறேன்.

அவர் நாகூர் பக்கத்துக்காரர். சொந்தப் பெயர் என்னவோ, தெருவில் யாரும் கேட்டதில்லை. என் கடைவீட்டு வாசல் தாழ்வாரத்தில், அஞ்சடிப் பாதையில், கோணி விரித்து உட்கார்ந்து குடை ரிப்பேர் செய்வார். ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷம் முன்பு, ரேடியோ என்ற சாமான் ஊருக்குள் வந்து பணக்காரர் வீட்டுக் கூடத்தில் உட்கார ஆரம்பித்த சமயம் அது. ஒரு நாள் மத்தியானம் என் புதுக் கூரையில் சடசடவென்று சத்தம். வெளியே வந்து அண்ணாந்து பார்த்தால், பாய் ஓட்டின்மேல் நின்று குடைக் கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கி நட்டுக்கொண்டிருக்கிறார்.

“யோவ் பாய், அங்க என்ன பண்றீங்க?”

“எடம் தேடுறேன் மேஸ்திரி.”

“கீழ எடம் பத்தலையா?”

“கீழ உள்ளதெல்லாம் நீங்க கட்டிட்டீங்க. மேல மட்டும்தான் இன்னும் பாக்கி.”

இப்படிப் பேசுகிறவரை எப்படித் திட்டுவது? ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ரேடியோவில் இங்கிலீஷ் பேசியது, மலாய் பேசியது, சீனம் பாடியது. தமிழுக்கு அரை மணி நேரம்கூட இல்லை. ரேடியோப் பிரியர்கள் சேர்ந்து நடத்திய ஒரு சங்கம் அப்போது இருந்தது. பாய் அந்த ஆபீஸ் படியேறி நேராகப் போய்க் கேட்டார். துணைக்கு நானும் போனேன். பேசுவதற்கு ஆள் வேண்டுமல்லவா? சங்கத்து வெள்ளைக்காரத் துரை சொன்னதை அங்கே கணக்கு எழுதிய தமிழ்க் கிராணி மொழிபெயர்த்தார்.

“பாய், பேச்ச காத்துல அனுப்புற சின்ன மெஷின் ஒண்ணு சும்மாதான் கெடக்காம். ஆனா சாயங்காலத்துல அத வைக்க எடம் இல்லையாம். கப்பல்காரன் ஒரு பக்கம், சைகோன் ஸ்டேஷன் ஒரு பக்கம், பத்தேவியா ஸ்டேஷன் ஒரு பக்கம். நடுவுல ஊசி நுழையாதாம். ஆறு மணியிலேருந்து ஆறரை வரைக்கும் முப்பது நாள் காலியா இருக்குற ஒரு எடத்த நீங்க காட்டுனா, துரை தமிழுக்குக் குடுத்துடுவாராம்.”

துரை சிரித்துக்கொண்டே சொன்னார். அது எங்களை வெளியே அனுப்பச் சொன்ன பேச்சு என்று எனக்கே புரிந்தது. பாய்க்குப் புரியவில்லை. இல்லை, புரிந்தும் வாங்கிக்கொள்ளவில்லை. “முப்பது நாள்னு துரை வாயால சொல்லிட்டாரு, கிராணி சாட்சி” என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

அன்று முதல் எங்கள் தெருவுக்கு நிம்மதி போயிற்று. என் மாடி அறையில் பாயின் ரேடியோ. மரப்பலகை, வால்வு, கம்பிச்சுருள், எல்லாம் வெளியே தெரிய, வயிறு கிழித்த கோழி மாதிரி இருக்கும். காதில் இரண்டு கிண்ணத்தை மாட்டிக்கொண்டு திருகுவார். மேலே கம்பியைப் பிடித்து ஓடும் மின்சார பஸ் ரோட்டில் போனால் காதில் கரகரக்கும். நாளடைவில், எந்த டிரைவர் ஓட்டுகிறான் என்பதைக்கூடக் கரகரப்பை வைத்தே சொன்னார். “இவன் பயந்தவன். வளைவுல கம்பிய விட்டு விட்டுப் புடிப்பான்.” எதிர்வீட்டுப் பல் டாக்டரின் மெஷின் இரைந்தால், மாடி ஏறிப் போய் நோயாளி வாயை எட்டிப் பார்த்து, “இன்னும் எத்தன பல்லு டாக்டர்?” என்பார். டாக்டர் அவருக்குப் பயந்து ஆறு மணிக்குக் கடையை அடைக்க ஆரம்பித்தார்.

குடை ரிப்பேர் என்ன ஆயிற்று என்கிறீர்களா? கூரையில் ஏரியல் வளர வளர, கீழே குடைகள் மெலிந்தன.

“பாய், என் குடையில ஒரு கம்பி கொறையுதே?”

“கொறையல. மேல வேலைக்குப் போயிருக்கு.”

மழை வந்தால் ஏழு கம்பிக் குடையோடு போகிறவன் எங்கள் தெரு ஆள் என்று ஊருக்கே தெரிந்தது. ஒருத்தரும் கம்பியைத் திருப்பிக் கேட்கவில்லை. தமிழ் வரட்டும், ஒரு தோள் நனைந்தால் என்ன என்று இருந்துவிட்டார்கள்.

கண்டுபிடித்ததை எழுதிவைக்க அவருக்கு நோட்டுப் புத்தகம் கிடையாது. ஒரு பெரிய கறுப்புக் குடையை விரித்து, அதன் உள்பக்கத்தில் தையல்காரர் சாக்கட்டியால் எழுதுவார். குடைக்கு எட்டுத் துண்டு. ரேடியோ முள் போகிற தூரத்தை எட்டாகப் பிரித்து, துண்டுக்கு ஒரு பங்கு வைத்தார். நிலையம் இருந்தால் வட்டம், சீட்டிச் சத்தம் இருந்தால், கொதித்துச் சீட்டியடிக்கிற ஒரு கெண்டியின் படம். பக்கத்தில் அரபு எழுத்தில் தமிழை எழுதுகிற அரபுத் தமிழில் குறிப்பு. துரைக்கும் தெரியாது, கிராணிக்கும் தெரியாது, எனக்குத் தமிழே தடுமாற்றம். இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினாலும் அத்தனை பத்திரம் இல்லை.

ஏழாவது துண்டில் ஒரு விரல்கடை இடம் அகப்பட்டது. சைகோனுக்கும் பத்தேவியாவுக்கும் நடுவில். அங்கேயும் ஒரு கெண்டி வரைந்திருந்தார். ஆறு மணி ஆனதும் ஒரு சீட்டி வந்து உட்கார்ந்துகொள்ளும். “இது ஸ்டேஷன் இல்ல மேஸ்திரி. நம்மள மாதிரி எவனோ ரேடியோவ அளவுக்கு மேல திருகுறான். அவன் பெட்டி கத்துறது நம்ம பெட்டியில கேக்குது. ஜாலான் புசார் பக்கமா இருக்கும்.” சொல்லும்போது அவர் முகம் வாடிவிட்டது.

ஜாலான் புசாரில் ரேடியோ வைத்திருந்தவர் நான் கூரை போட்ட இரும்புக்கடையின் சீன முதலாளி, தவுக்கே. சீனக் கூத்துப் பாட்டென்றால் உயிர். நான் பாயிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்த் தவுக்கேயிடம் பேசினேன். முப்பது நாள் சாயங்காலம் ரேடியோவைத் தொடக்கூடாது, பதிலுக்குக் கூரையை நான்காவது தடவை போட்டுத் தருகிறேன். தவுக்கே கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சரி என்றார்.

அது தப்பு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. கட்டடத் தொழிலில் அதுதானே வழக்கம்? சர்வேயர் அளக்க வருகிறான் என்றால் முந்தின நாளே மாட்டை ஓட்டிவிட்டு, குடிசை போட்டவனை நகர்த்திவிட்டு, மனையைக் காலியாகக் காட்டுவோம். அளந்து முடித்த பிறகு மாடு திரும்பி வரும். அது மாட்டின் சமாச்சாரம்.

மறுநாள் சீட்டி இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பாய் கெண்டியைக் கட்டைவிரலால் அழித்தார். தினமும் ஒரு கோடு போட்டார். முப்பது கோடு சேர்ந்ததும் துரையைக் கூப்பிட்டு வந்தார்.

முப்பத்தோராம் நாள் சாயங்காலம் துரையும் கிராணியும் என் மாடியில். அஞ்சடியில் பாதித் தெரு. துரை கிண்ணங்களைக் காதில் மாட்டினார். ஆறு மணி. நிசப்தம். துரையின் புருவம் மேலே போனது. எனக்கு மீசை முறுக்கிக்கொண்டது.

ஆறு மணி ஐந்து நிமிஷத்துக்கு, கிண்ணத்துக்கு வெளியே நின்ற எங்களுக்கே கேட்கும்படி ஒரு சீட்டி.

தவுக்கே நாணயஸ்தர். முப்பது நாள் என்றால் முப்பது நாள். மறுநாள் கேட்டபோது, “தீகா புலோ ஹாரி, ஹபிஸ் லா” என்றார். முப்பது நாள் முடிந்துவிட்டதாம்.

“துரை கேக்குறார், இது என்ன சத்தம்?” என்றார் கிராணி.

“மைனாங்க” என்றேன் நான்.

பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். குடையை எடுத்து விரித்தார். ஏழாவது துண்டில் அழித்த கெண்டியின் தடம் இன்னும் மங்கலாக இருந்தது. அதன்மேல் விரல் வைத்தார். “இது பழைய சீட்டி. மேஸ்திரி, என்ன பண்ணுனீங்க?”

சொன்னேன். வேறு வழி? கூரை விஷயத்தையும் சேர்த்துச் சொன்னேன்.

“கிராணி, இத அப்படியே துரைகிட்ட சொல்லுங்க.”

கிராணி குரலைத் தாழ்த்தினார். “பாய், மைனான்னே சொல்லிடட்டுமா? நானும் தமிழ்க்காரன்தான்.”

“வேணாம். பொய் சொல்லிப் புடிச்ச எடத்துல நாளைக்குத் தமிழ் பேசும்போது அது மேலயே சீட்டி அடிக்கும். காலியா இருக்குற எடத்தத்தான் கேட்டாரு. இது காலி பண்ணுன எடம். உள்ளதச் சொல்லுங்க.” நிமிர்ந்து நின்றார். “இன்னொண்ணும் சொல்லுங்க. அடுத்த வெள்ளிக்கிழம இதே நேரத்துக்கு வரச் சொல்லுங்க. தவுக்கே ரேடியோ பாடும். சீட்டி இருக்காது.”

துரை அதைக் கேட்டுத் தலையை ஆட்டினார். அப்படி நடந்தால் மெஷினைத் தானே தூக்கி வந்து வைப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். தெரு கலைந்தது. பாய் என்னோடு பேசவில்லை. ஏழு கம்பிக் குடைக்காரர்களும் பேசவில்லை.

மறுநாள் காலையில் பாய் வந்து என் முன்னே நின்றார். “தகரம் இருக்கா மேஸ்திரி?”

அவ்வளவுதான். அதுதான் மன்னிப்பு.

தவுக்கேயின் ரேடியோவைச் சுற்றித் தகரப் பெட்டி போட்டால் பாட்டு கேட்கும், அதன் கத்தல் அடுத்தவர் ரேடியோவுக்குப் போகாது என்பது பாயின் கணக்கு. என் கையால் அடித்தேன். முதல் பெட்டியில் காற்றோட்டம் வைக்கவில்லை, உள்ளே வால்வு சுட்டுத் தவுக்கே என்னைச் சீனத்தில் திட்டினார். இரண்டாவது பெட்டி மூடவில்லை. மூன்றாவது பெட்டி, சொல்கிறேன் கேளுங்கள், நகைப்பெட்டி மாதிரி இருந்தது. ஆனால் பெட்டி மட்டும் போதவில்லை. திருகு வளையத்தில் பாய் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டு, இதைத் தாண்டித் திருகாதே என்றார். தவுக்கே திருகிப் பார்த்தார். பாட்டு முன்னைவிடத் தெளிவாக வந்தது. தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

பிறகு பாய் வீடு வீடாகப் போனார். ஜாலான் புசார் ஹோட்டல், நகைக்கடை, சிராங்கூன் ரோட்டு டாக்டர், எங்கே ரேடியோ இருந்தாலும் ஒரு கோடு. யாராவது தாண்டினால் மறுநாள் காலையில் அவர்கள் வாசலில் குடையோடு நிற்பார். “நேத்து ராத்திரி கோட்டத் தாண்டிட்டீங்க.” அவ்வளவுதான் பேச்சு. வட்டிக்கடைக்காரர்கூட அவருக்குப் பயந்தார்.

வெள்ளிக்கிழமை துரை வந்தார். ஆறு மணி. ஆறு ஐந்து. ஆறு பத்து. நிசப்தம். துரை நம்பவில்லை. தவுக்கே ரேடியோ ஓடுகிறதா என்று பார்த்துவரக் கிராணியை அனுப்பினார். கிராணி ஓடினார். நாங்கள் காத்திருந்தோம். படியேறி வந்து மூச்சு வாங்க நின்றவர், துரையிடம் இங்கிலீஷில் சொல்ல வேண்டியதை எங்களிடம் தமிழில் சொல்லிவிட்டார்.

“ஓடுதுங்க பாய். தெருவே கேக்குற மாதிரி ஓடுது.”

தமிழ் வந்தது. ஒரு மாதத்துக்குள் ஆறு மணிக்கு வந்தது. கோட்டுப் போட்ட ஒரு கனவான் வணக்கம் சொல்லி ஆரம்பித்தார். தவுக்கே கடை வாசலில், என் தகரப் பெட்டிக்கு முன்னால், தெரு முழுக்க நின்று கேட்டோம். பாயைக் காணவில்லை. தேடிப் போனால் அஞ்சடியில் உட்கார்ந்து யாருடைய குடைக்கோ எட்டாவது கம்பி கட்டிக்கொண்டிருக்கிறார். மாடியில் அவருடைய ரேடியோ அணைந்து கிடந்தது.

“என்ன பாய், கேக்கலையா?”

“என் பெட்டி பழசு மேஸ்திரி. நான் போட்டு, அது கத்தி, கேக்குறவங்களுக்குக் கெட்டுப்போச்சுன்னா?”

பக்கத்தில் அந்தக் கறுப்புக் குடை விரிந்து கிடந்தது. ஏழாவது துண்டில் புதிதாக ஏதோ எழுதியிருந்தார். என்ன என்று கேட்டேன்.

“ஆள் வந்தாச்சுன்னு எழுதியிருக்கேன்.”

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தவுக்கே கடைக்குப் போனேன். கடைசி ஐந்து நிமிஷம் கேட்டார்.

இப்போது ரேடியோக்காரர்கள் ஒரு நினைவு மலர் போட்டிருக்கிறார்கள். வழவழ காகிதம். துரை படம் இருக்கிறது, கோட்டுக் கனவானுக்கு ஒரு முழுப் பக்கம். “காலியாக இருந்த அலைவரிசை தமிழுக்கு ஒதுக்கப்பட்டது” என்று ஒரு வரி. யார் சொன்னது காலியாக இருந்தது என்று? சும்மா இருந்ததா அது? வந்து என்னிடம் கேட்டீர்களா? பாய் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது, ஆனால் நான் இருக்கிறேன், தகரப் பெட்டி இருக்கிறது, அந்தக் குடையும் என் வீட்டில் இருக்கிறது. சாக்கட்டி அழியக்கூடாது என்று ஒரு மழைக்கும் நான் அதை வெளியே எடுத்ததில்லை.

அடுத்த பதிப்பில் திருத்திப் போடுங்கள். பெயர் தெரியாது என்று சாக்குச் சொல்ல வேண்டாம். குடைக்கார பாய் என்று போட்டால் சிராங்கூன் ரோட்டுக்கே தெரியும். அவருக்குக் கீழே, தகரப் பெட்டி அடித்தவன் என்று என் பெயரும் வந்தாக வேண்டும். அதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஆனால் இரண்டு பெயருக்கும் நடுவில் ஒரு விரல்கடை இடம் விட்டுப் போடுங்கள். நெருக்கினால் அவருக்குப் பிடிக்காது.