மாஸ்டரின் பல்வலி

“ஒரே ஒரு ஸ்பூன் கிரீம், மாஸ்டர். ருசி பார்த்துச் சொல்லுங்க!”

முதலாளி ஸ்பூனை நீட்டிக்கொண்டே நெருங்கினார். பேக்கரி மாஸ்டர் பின்வாங்கிப் பின்வாங்கி, ரொட்டி அடுப்பில் முதுகு சுட்டதும் நின்றார்.

“வேண்டாம் முதலாளி. தொண்டை கட்டியிருக்கு.”

தொண்டைக்கு ஒன்றுமில்லை. மனசுதான் சரியில்லை. கொஞ்ச காலமாக மாவு பிசையும்போதே காரணமில்லாமல் கண் கலங்கும், நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். மனநல டாக்டர் மாத்திரை கொடுத்தார். “மாத்திரையை விட்டுடாதீங்க. அதுக்குத் துணையா சாப்பாட்டையும் மாத்திப் பார்ப்போம். கீட்டோன்னு பேரு. முட்டை, வெண்ணெய், கீரை, கறி சாப்பிடலாம். மாவும் சர்க்கரையும் கிட்டவே வரக் கூடாது,” என்றார். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று அந்த மனுஷன் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

வீட்டில் மனைவி தலைபாடாக அடித்துக்கொண்டாள். “முதலாளிகிட்ட சொல்லிட்டாதான் என்னங்க?”

“மனசு சரியில்லாதவனை அடுப்புகிட்ட நிக்க விடுவாரா? வேலை போயிடும். கடையில எல்லாரும் ஒரு மாதிரி பார்ப்பாங்க. மானமே போயிடும்!”

வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. அதில் பிறந்ததுதான் இந்தத் தொண்டைக்கட்டு. முதலாளி லேசில் விடுவாரா? சுடுபாலில் தேனைக் கலந்து கொண்டுவந்து, எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார். தேனும் ஆகாது. மாஸ்டர் தும்முகிற சாக்கில் திரும்பி, பாலைப் பக்கத்திலிருந்த மாவில் கொட்டிவிட்டார்.

மத்தியானமே கேஷியர் அக்கா கல்லாவை விட்டு எழுந்து வந்தார். “என்ன மாஸ்டர் கூத்து இது? உப்பு ரொட்டி இனிக்குதாம். கேக் கிரீம்ல சர்க்கரைக்குப் பதிலா உப்பு விழுந்திருக்கு. வாயில வச்சே பார்க்க மாட்டீங்களா?”

“பல்வலிக்கா! வாயில எதையும் வைக்க முடியல!”

சும்மா இருந்திருக்கலாம். முதலாளியின் மச்சான் அடுத்த தெருவில் பல் டாக்டர். முதலாளி மாஸ்டரைக் கையோடு இழுத்துக்கொண்டு போனார்.

“எந்தப் பல்லு?” என்றார் டாக்டர்.

மாஸ்டர் குத்துமதிப்பாக ஒன்றைக் காட்டினார். டாக்டர் தட்டிப் பார்த்தார். “கல்லு மாதிரி இருக்கே! இதுவா வலிக்குது?”

முதலாளி வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். வலிக்கவில்லை என்றால், பின்னே எதற்குப் பொய் சொன்னாய் என்று கேட்பார். அதற்கு என்ன பதில் சொல்வது?

“உசுரு போகுது டாக்டர். பிடுங்கிடுங்க!”

பிடுங்கிவிட்டார்.

வெளியே படிக்கட்டில் பஞ்சைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்த மாஸ்டருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு பாவமும் அறியாத பல். மனசை மறைக்க அதைப் பலி கொடுத்துவிட்டோமே என்று கூனிக் குறுகிப்போனார்.

“முதலாளி, பல்லுல ஒண்ணுமே இல்ல,” என்று குழறினார். “மனசுதான் சரியில்ல. மனநல டாக்டர்கிட்ட போறேன். மாவு, இனிப்பு எதையும் தொடக் கூடாதுன்னுட்டார். சொல்ல வெட்கமா இருந்துச்சு. வேலையை விட்டு மட்டும் நிறுத்திடாதீங்க.”

முதலாளி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு வாய்க்குள் விரலை விட்டு, மூன்று பல் வைத்த பொய்ப்பல் செட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

“நீங்க ஒரு பல்லுலயே உண்மையைச் சொல்லிட்டீங்க, மாஸ்டர். எனக்கும் ஒரு மனநல டாக்டர் இதே சாப்பாட்டைச் சொன்னப்ப, நானும் பல்வலின்னுதான் சொன்னேன். மூணு பல்லு போயும் உண்மையைச் சொல்ல வாயைத் திறக்கல!”