யாருக்கும் தோணாதது

"நரசிம்மன் காரியத்தையே கெடுத்துட்டான்யா. வேற ஆளைக் கூட்டிட்டு வா," என்றார் முதலாளியின் வக்கீல், சிவசங்கரிடம்.

சிவசங்கர் தண்டலத்துப் பூச்சுப் பட்டறையில் எழுத்தர். மாலையில் சட்டம் படிப்பவன். 1991 மார்ச்சில் முதலாளி தன் பெயரில் ஒரு காப்புரிமை கேட்டிருந்தார். யோசனை இதுதான்: முதல் பூச்சு காயும் முன்பே இரும்பை இரண்டாம் தொட்டியில் முக்கினால் துரு அண்டாது. போட்டிக் கம்பெனியோ, 'தொழில் தெரிந்த எவனுக்கும் இது தோன்றும்' என்று எதிர்மனு போட்டது. அது ஜெயித்தால் ஆர்டர் கைமாறும். நாற்பது பேருக்கு வேலை போகும். ஆகவே தொழில் தெரிந்த ஒருவர், தனக்கு இது தோன்றவில்லை என்று அன்று மாலைக்குள் சத்தியம் செய்து எழுதித்தர வேண்டும்.

முதலில் அழைத்து வந்த தொழிலாளி நரசிம்மனோ, "இதுகூடத் தோணாதா? நான் அப்பவே நெனச்சேன்," என்று சொல்லிவிட்டான்.

சிவசங்கர் இன்னொரு தொழிலாளியான தணிகாசலத்துக்கு முன்கூட்டியே பாடம் சொல்லி அழைத்து வந்தான். "தோணலன்னு மட்டும் சொல்லுங்க."

"இன்னா சார், நரசிம்மனுக்கே தோணிச்சாம். எனக்குத் தோணாதா?"

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரையும் கூட்டி விளக்கினான். அது இன்னும் மோசமாயிற்று. பதினோரு பேர் தங்களுக்கும் தோன்றியதாகச் சொன்னார்கள். ஒருவனுக்குக் கனவிலேயே வந்ததாம்.

"ஆக, எவனாவது நான் மக்குன்னு எழுதித் தரணும். அதானே சார்?" என்றான் நரசிம்மன்.

தசரதன் எழுந்தார். இருபத்திரண்டு வருடமாகத் தொட்டியருகே நிற்பவர். "எனக்குத் தோணல சார். எழுதிக்கங்க."

வக்கீல் சொல்லச் சொல்ல சிவசங்கர் தட்டெழுதினான்: 'இத்தனை அனுபவம் இருந்தும், என்னைப் போன்ற தொழிலாளிக்கு இது ஒருபோதும் தோன்றாது.'

தசரதன் இரண்டு முறை படித்தார். 'ஒருபோதும்' என்ற இடத்தில் அவர் விரல் சற்று நின்றது. பிறகு கையெழுத்திட்டார்.

"மரமண்டைன்னு சர்டிபிகேட்டே வாங்கிட்டியா தசரதண்ணே!" என்று தணிகாசலம் கத்த, பட்டறையே சிரித்தது. தசரதனும் சிரித்தார். கை கழுவப் போனவர் வெகுநேரம் திரும்பவில்லை.

சிவசங்கர் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு எழுந்தான். தான் விளக்கிய விதம்தான் தவறோ? இரும்பு கழுவும் காவேரியிடம் கேட்டான்: "அவர அவமானப்படுத்திட்டேனாக்கா?"

அவள் நிமிராமலே சொன்னாள்.

"முதலாளிக்கு அத முதமுதல்ல முக்கிக் காட்டினதே அவருதான் தம்பி."